மட்டக்களப்பில் கடை வேலைக்கு இன்டர்வியூ: அவர்கள் என்ன கேட்பார்கள், நாங்கள் என்ன கேட்கலாம்?

படுவான்கரைப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க மனமில்லை, வீட்டு நிலைமையும் அப்படி. டவுனில் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் கொடுத்தேன். ஒன்று நாடு முழுக்கக் கிளை உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட், கெஷியர் வேலை. மற்றது திருமலை வீதிப் பக்கம் ஒரு புடவைக்கடை, சேல்ஸில் நிற்க. இரண்டு இடத்திலும் அடுத்த கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை எந்த இன்டர்வியூவுக்கும் போனதில்லை. யூடியூபில் பார்த்தால் கோட் போட்டவர்கள் 'ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள்' என்று கேட்கிறார்கள். கடையிலும் அப்படியா? என்ன உடுத்திக்கொண்டு போவது, சம்பளம் எவ்வளவு என்று நானே கேட்கலாமா, பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் கம்பஸுக்குப் போய்விடுவேன் என்று உண்மையைச் சொல்வதா மறைப்பதா? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள். ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம்.

வாவிக்கரையான்:

தங்கச்சி, புடவைக்கடையில் ஐந்து வருடத்துக்குப் பிறகு எங்கே என்று கேட்க மாட்டார்கள். ஐந்து மணிக்குப் பிறகு எங்கே என்றுதான் கேட்பார்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்றதும் முதல் கேள்வி பஸ்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கெஷ்கவுண்டர்_அக்கா:

நான் கவுண்டரில் தொடங்கி இப்போது சுப்பவைசராக இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது மனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆவணங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகரின் சான்றிதழ். உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்பார்கள். படிப்பித்த ஆசிரியர் ஒருவரையும் ஊரில் மதிப்புள்ள ஒருவரையும் போடுங்கள், போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அழைப்புப் போகும்போது 'யார் அந்தப் பிள்ளை?' என்று அவர்கள் திகைத்தால் அதோடு சரி. பொலிஸ் அறிக்கை சில இடங்களில் வேலைக்கு எடுத்த பிறகுதான் கேட்பார்கள். எல்லாவற்றிலும் போட்டோ கொப்பி கொண்டு போங்கள். ஒறிஜினலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

அடுத்தது கேள்விகள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்குவார்கள். அப்பா என்ன செய்கிறார், எத்தனை சகோதரம் என்று குடும்ப வரலாறு முழுக்கச் சொல்பவர்கள்தான் அதிகம். தேவையில்லை. பெயர், ஊர், என்ன படித்தேன், ஆட்களோடு பழகிய அனுபவம் என்ன, அது போதும். முன்பு வேலை செய்யவில்லை என்றால் குறையில்லை. கோவில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் கணக்கு எழுதியது, மாமாவின் பலசரக்குக் கடையில் விடுமுறைக்கு நின்றது, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உதவியது, இவையெல்லாம் எங்களுக்கு அனுபவம்தான். மனேஜர்மார் அதைத்தான் தோண்டிக் கேட்பார்கள்.

கெஷியர் என்றால் கணக்குக் கட்டாயம் பார்ப்பார்கள். எங்கள் மனேஜர் கேட்கும் ஒரு மாதிரி: பில் 1,385 ரூபாய். வாடிக்கையாளர் 2,000 ரூபாய் தருகிறார். மிச்சம் எவ்வளவு? 615 என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். உடனே அடுத்தது: 'லாச்சியில் சில்லறை குறைவு, என்ன செய்வீர்கள்?' 'ஐந்து ரூபாய் இருக்கிறதா' என்று வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கினால் 620 கொடுத்துவிடலாம், 500, 100, 20 என்று மூன்று தாளோடு வேலை முடிந்தது. இதை யோசிப்பவரைத்தான் தேடுகிறார்கள். மிச்சக் காசை வாடிக்கையாளரின் கண் முன்னால் எண்ணிக் கொடுப்பது, அவர் தந்த தாளை மிச்சம் கொடுத்து முடியும்வரை லாச்சிக்குள் தள்ளாமல் வெளியே வைத்திருப்பது, இந்த இரண்டையும் நீங்களே சொன்னால் 'இந்தப் பிள்ளைக்கு விளங்குகிறது' என்று எடுத்துவிடுவார்கள். 'நான் ஐயாயிரம் தந்தேன், நீ ஆயிரத்துக்கு மிச்சம் தருகிறாய்' என்ற சண்டை கவுண்டரில் வரும். தாள் வெளியே இருந்தால் சண்டை இல்லை.

நிறுவைக் கணக்கும் வரலாம். பருப்பு கிலோ 320 என்றால் 750 கிராம் எவ்வளவு? 240. மெஷின் சொல்லும்தான். மெஷின் பிழையாகச் சொன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார்கள்.

பிறகு நடித்துக் காட்டச் சொல்வார்கள். மனேஜரே கோபக்கார வாடிக்கையாளராகிவிடுவார். இப்போது கட்டாயம் வரக்கூடியது பைக்குக் காசு வாங்கும் கதை. 2025 நவம்பர் 1 தொடக்கம் கைபிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அதிகார சபை சொல்லிவிட்டது. ஆனால் கவுண்டருக்கு வருபவர்களில் பலர் இன்னும் 'இவ்வளவு சாமான் வாங்குகிறேன், ஒரு பைக்குக் காசா?' என்று ஏறி விழுகிறார்கள். 'அது கொம்பனி ரூல்' என்று முகத்தைத் திருப்புபவர் தோற்றார். 'ஓம் அண்ணன், எல்லாக் கடைக்கும் இப்போது அப்படித்தான். சின்னப் பை போதுமா, பெரியது தரவா?' என்று வேலையைத் தொடர்பவர் வென்றார். வாதாட வேண்டாம். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

இன்னொன்று, விலை. றாக்கையில் 450 என்று ஒட்டியிருக்கிறது, பில்லில் 480 வருகிறது, வாடிக்கையாளர் கேட்கிறார். என்ன செய்வீர்கள்? 'மெஷின்தான் சரி' என்று சொல்லாதீர்கள். சுப்பவைசரைக் கூப்பிடுவேன் என்பதுதான் விடை. பக்கெட்டில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேலே விற்பது குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். வாடிக்கையாளர் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டால் அலைவது கடைதான்.

ஐந்தாயிரம் தாளைப் பார்ப்பது எப்படி என்று கேட்டால், வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி, பாதுகாப்பு நூல், விரலால் தடவிப் பார்க்கும்போது தெரியும் மேடான அச்சு, இந்த மூன்றையும் சொல்லுங்கள். வீட்டில் ஒரு தாளை எடுத்து இப்போதே பார்த்துப் பழகுங்கள்.

உடுப்பு: இஸ்திரி போட்ட சல்வாரோ பாவாடை சட்டையோ, எதுவும் சரி. வளையல் சத்தம் வேண்டாம், மணக்க மணக்க சென்ட் வேண்டாம். தலைமுடியைக் கட்டிக்கொண்டு போங்கள். நகத்தைப் பார்ப்பார்கள், உணவுச் சாமான் தொடும் வேலை.

புடவைக்கடை_நானா:

அக்கா சூப்பர் மார்க்கெட்டைச் சொல்லிவிட்டார். புடவைக்கடை வேறு உலகம். கல்முனையில் எங்களுடையது வாப்பா காலத்துக் கடை, ஆள் எடுப்பது நான்தான். எங்களிடம் படிவமும் இல்லை, பெனலும் இல்லை.

என் நேர்முகம் நீங்கள் கதிரையில் உட்காரும்போது தொடங்குவதில்லை. வாசலால் வரும்போதே தொடங்கிவிடும். வாசலில் நிற்கும் பையனிடம் எப்படிக் கதைத்தீர்கள், வழியில் ஒரு உடுப்பு கீழே விழுந்து கிடந்தால் அதைத் தாண்டி வந்தீர்களா எடுத்து வைத்தீர்களா, போனைப் பார்த்துக்கொண்டு வந்தீர்களா, இவ்வளவையும் நான் உள்ளே இருந்து பார்த்துவிடுவேன். வேண்டுமென்றே பத்து நிமிஷம் காக்க வைப்பேன். அந்தப் பத்து நிமிஷத்தில் கடையைச் சுற்றிப் பார்ப்பவர் ஒரு வகை, கூரையைப் பார்ப்பவர் ஒரு வகை.

கேள்வி குறைவு, வேலை கூட. ஒரு சாறியை விரித்துக் கொடுத்து மடிக்கச் சொல்வேன். முதல் தடவை யாருக்கும் சரியாக வராது, அது பிரச்சினை இல்லை. பழகிய பிள்ளை மடிப்பதைப் பார்த்து இரண்டாவது தடவை கொஞ்சமாவது சரியாக வருகிறதா என்றுதான் பார்ப்பேன். பிறகு, 'உம்மாவுக்குப் பெருநாளுக்கு ஒரு சாறி எடுக்க வந்திருக்கிறேன், காட்டுங்கள்' என்பேன். உடனே றாக்கையில் இருந்து இழுத்துப் போடத் தொடங்கினால் தோல்வி. உம்மாவுக்கு என்ன வயது, பருத்தியா பட்டா, என்ன நிறம் உடுத்துவா, எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள், இப்படி நான்கு கேள்வி கேட்டுவிட்டு மூன்று சாறி மட்டும் எடுத்துப் போடும் பிள்ளை தங்கம். முப்பது சாறியை விரித்துப் போட்டால் வாடிக்கையாளர் குழம்பி 'பிறகு வாறன்' என்று போய்விடுவார், மடிப்பதற்கு அரை நாள் போகும்.

கழிவுக் கணக்கும் கேட்பேன். சாறி 6,500, 15 வீதம் கழிவு. 975 போக 5,525. கல்குலேட்டர் தருவேன், பயப்பட வேண்டாம். ஆனால் 975 என்பது ஆயிரத்துக்குக் கிட்ட என்று மனதில் ஓடாவிட்டால், கல்குலேட்டரில் ஒரு பூச்சியம் கூட அடித்தாலும் தெரியாது.

சம்பளம் பற்றி: முதலில் நீங்களாகக் கேட்க வேண்டாம் தங்கச்சி. நாங்களே சொல்வோம். உட்கார்ந்ததும் 'எவ்வளவு தருவீர்கள், லீவு எத்தனை நாள்' என்று தொடங்கும் பிள்ளையைப் பார்த்தால், வேலையில் மனம் இல்லை என்றுதான் எந்த முதலாளிக்கும் படும்.

எட்டுவீதம்:

நானா சொன்ன மற்றதெல்லாம் சரி, கடைசிப் பந்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'நாங்களே சொல்வோம்' என்று சொல்லி, மாத முடிவில் கையில் தருவதுதான் சம்பளம் என்று நடத்தும் கடைகளை எனக்குத் தெரியும். நான் இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். கேட்காமல் எழுந்து வரவும் வேண்டாம்.

தங்கச்சி, போவதற்கு முன் இவ்வளவும் தெரிந்துகொண்டு போங்கள். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரி 1 தொடக்கம் 30,000. கடை பெரிதோ சிறிதோ, இதற்குக் கீழே தர முடியாது. 30,000 என்றால் அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் பங்கு 8 வீதம், 2,400 வெட்டப்பட்டு 27,600 கைக்கு வரும். முதலாளி தன் பணத்தில் 12 வீதம், 3,600 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 900. ஆக உங்கள் பெயரில் மாதம் 6,900 சேர்கிறது. 'ஈ.பி.எஃப். வெட்டவில்லை, முழுச் சம்பளமும் கையில் தருகிறோம்' என்று ஒரு கடை சொன்னால் அது சலுகை இல்லை, அந்த 4,500 உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் ஈ.பி.எஃப். கட்ட வேண்டும், அதுவும் முதல் நாளில் இருந்து.

கடைகளுக்கு என்று தனிச் சட்டமே இருக்கிறது, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே நின்றால் மேலதிக நேரம், ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. போயா தினத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் அதற்கும் ஒன்றரை நாள் சம்பளம். வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் உண்டு, முதல் வருடத்தில் கணக்கு வேறு. வேலைக்குச் சேரும்போது சம்பளம், வேலை நேரம் எல்லாம் எழுதிய நியமனக் கடிதம் தர வேண்டும்.

புடவைக்கடை_நானா:

எட்டுவீதம், சட்டம் எனக்கும் தெரியும். எங்களிடம் நிற்கும் எல்லோருக்கும் ஈ.பி.எஃப். கட்டுகிறோம். நான் சொன்னது கேட்கும் முறையை. சரி, இப்படிச் சொல்கிறேன். முதலாளி 'உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?' என்று கேட்பார். அதுதான் உங்கள் நேரம். கேட்காவிட்டாலும், எழும்புவதற்கு முன் 'ஐயா, இரண்டு மூன்று விஷயம் தெரிந்துகொள்ளலாமா?' என்று நீங்களே தொடங்கலாம். அப்படிக் கேட்ட பிள்ளையை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

எட்டுவீதம்:

அது போதும் நானா. அந்த இரண்டு மூன்று விஷயத்துக்குள் ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன்: காசு குறைந்தால் யார் பொறுப்பு? கெஷியர் வேலைக்குப் போகிறார் இந்தப் பிள்ளை. ஒரு லாச்சியை மூன்று பேர் பாவிக்கும் கடைகள் இருக்கின்றன. பின்னேரம் கணக்குப் பார்த்தால் 800 குறையும், யார் கடைசியில் நின்றாரோ அவர் தலையில் விழும். 'என் ஷிப்டுக்கு லாச்சியை எனக்கு எண்ணித் தருவீர்களா, முடியும்போது என் முன்னால் எண்ணுவீர்களா?' என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. காசைக் கையாளத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி.

கெஷ்கவுண்டர்_அக்கா:

நூறு வீதம் சரி. ஒரு லாச்சிக்கு ஒரு ஆள் என்று நடக்கும் இடத்தில்தான் கெஷியர் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். எங்களிடம் காலையில் தொடக்கக் காசை எண்ணிக் கையெழுத்து வைத்துத்தான் எடுப்போம். கழிவறைக்குப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போவோம்.

படுவான்கரைப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. சாறி மடிப்பதை இன்றைக்கே அம்மாவிடம் பழகுகிறேன்.

இரண்டு விஷயம் இன்னும் குழப்பம். ஒன்று கம்பஸ். கம்பஸுக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி எப்படி வரும் என்று தெரியாது. கிடைத்தால் போவேன். இரண்டாவது பஸ். சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு ஷிப்ட், பின்னேர ஷிப்ட் இரவு வரைக்கும் என்கிறார்கள். எங்கள் பக்கம் இரவில் பஸ் இல்லை.

கல்லடிக்காத்து:

மண்முனைப் பாலம் 2014இல் திறப்பதற்கு முன் படுவான்கரையில் இருந்து டவுனுக்கு வேலைக்கு வந்தவர்கள் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறித்தான் வந்தார்கள். ஆற்றில் காற்று என்றால் அன்றைக்குத் தாமதம்தான். அதனால் பழைய முதலாளிமாருக்குப் படுவான்கரை என்றால் இன்னும் ஒரு தயக்கம் இருக்கிறது. நீங்களே முந்திக்கொள்ளுங்கள். 'பாலத்தால் வருவேன், காலையில் இந்த பஸ், இத்தனை மணிக்கு டவுனில் நிற்பேன்' என்று நேரத்தோடு சொன்னால் அந்தத் தயக்கம் போய்விடும். போகும் முன் ஒருநாள் அந்த பஸ்ஸில் வந்து பாருங்கள்.

இரவு ஷிப்டை இன்டர்வியூவில் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வேலை கிடைத்த பிறகு 'அண்ணன் வந்து கூட்டிப் போவார்' என்று சமாளிக்கப் பார்க்காதீர்கள். அண்ணன் ஒரு மாதம் வருவார். இரண்டாம் மாதம் சண்டை வீட்டில் வரும்.

புடவைக்கடை_நானா:

கம்பஸ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கேட்பவன் நான். உயர்தரம் எழுதிவிட்டு வரும் எல்லோரிடமும் கேட்போம். கம்பஸ் கிடைத்தால்? அரசாங்க உத்தியோகம் கிடைத்தால்? வெளிநாடு போகும் யோசனை இருக்கிறதா? 'இல்லை ஐயா, நான் எங்கும் போக மாட்டேன்' என்று சொல்லும் பிள்ளையை நம்ப நான் என்ன சின்னப்பிள்ளையா? பத்தொன்பது வயதில் யார் ஒரு புடவைக்கடையில் காலம் முழுக்க நிற்பேன் என்று நினைப்பார்கள்?

'கிடைத்தால் போவேன் ஐயா. ஆனால் சித்திரை வருஷத்துக்கும் பெருநாளுக்கும் கட்டாயம் நிற்பேன், போவதென்றால் ஒரு மாதத்துக்கு முன் சொல்லுவேன்' என்று சொன்னால் அதுவே போதும். எங்களுக்குத் தேவை சித்திரை வருஷத்துக்கு முந்திய கிழமைகள், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி. அந்த நேரத்தில் கையை விட்டுவிட்டுப் போகாத பிள்ளை என்றால் ஆறு மாதத்துக்கும் எடுப்போம். பழக்கிவிட்ட ஆள் லீவில் திரும்பி வந்து நின்றாலும் எங்களுக்கு லாபம்தான்.

வாவிக்கரையான்:

நானா மாதிரி எல்லா முதலாளியும் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

அம்பாறைவீதி:

அம்பாறை டவுனில் ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் ஷோரூமில் நிற்கிறேன், ஊர் காரைதீவு. இந்தப் பக்கம் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று. இங்கே வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள், இன்டர்வியூவில் பாதி சிங்களத்தில் நடக்கும். சரளம் தேவையில்லை. 'கீயத' என்று விலை கேட்டால் இலக்கம் சொல்லத் தெரிய வேண்டும், 'பொட்டக் இன்ன' என்று ஒருவரை நிற்க வைக்கத் தெரிய வேண்டும், 'இதுரு சல்லி' என்றால் மிச்சக் காசு என்று விளங்க வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று விண்ணப்பத்தில் போட்டால், மனேஜர் அடுத்த கேள்வியைச் சிங்களத்தில் கேட்டு முடித்துவிடுவார். 'விளங்கும், கதைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்' என்று நான் சொன்னேன், எடுத்தார்கள்.

மட்டக்களப்பு டவுனிலும் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகும் வெளியூர் ஆட்கள் கடைக்கு வருகிறார்கள்தானே, அங்கேயும் சிங்களம் கொஞ்சம் உதவும்.

எலெக்ட்ரோனிக்ஸில் இன்னொரு கேள்வி வரும்: தவணைக்கு எடுப்பவர் கட்டாமல் விட்டால் நீங்கள் போய்க் கேட்பீர்களா? அதாவது சேல்ஸ் என்று எடுத்து, வசூலுக்கு அனுப்பும் வேலையா என்று தெரிந்துகொள்ள இது நல்ல இடம். மாத இலக்கு எவ்வளவு, இலக்கு அடிக்காவிட்டால் அடிப்படைச் சம்பளத்தில் கை வைப்பார்களா, கொமிஷன் எழுத்தில் இருக்கிறதா, இவற்றை நான் கேட்டேன். கொமிஷனை வாயால் மட்டும் சொல்லும் கடைகளை நம்பாதீர்கள்.

செங்கலடிமகள்:

பெண்பிள்ளைகளிடம் மட்டும் கேட்கும் ஒரு கேள்வியை யாரும் எழுதவில்லை. 'கலியாணம் பேசுகிறார்களா?' எனக்கு இரண்டு இடத்தில் கேட்டார்கள். ஒரு இடத்தில் 'கலியாணம் கட்டினால் வேலையை விடுவதாக எழுதித் தா' என்று கூடக் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை, அந்த வேலையும் கிடைக்கவில்லை. கவலையும் இல்லை.

எட்டுவீதம்:

எழுதிக் கொடுக்காதது நல்லது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் கடை ஊழியருக்கு 84 வேலை நாள் பிரசவ லீவு சம்பளத்தோடு உண்டு. அதைத் தவிர்க்கத்தான் இப்படி எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டு 'இப்போதைக்கு வேலை பழகுவதுதான் யோசனை' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கெஷ்கவுண்டர்_அக்கா:

இன்னுமொன்று. 'கூட வேலை செய்யும் பிள்ளை ஒரு சொக்லேட்டை பில் போடாமல் பையில் வைப்பதைக் கண்டால் என்ன செய்வீர்கள்?' கட்டாயம் வரும். 'நான் பார்த்துக்கொண்டிருப்பேன்' என்பதும் பிழை, 'எல்லோருக்கும் முன்னால் பிடிப்பேன்' என்பதும் பிழை. மனேஜரிடம் தனியாகச் சொல்வேன், அவ்வளவுதான். வாடிக்கையாளர் எடுப்பதைக் கண்டாலும் அதேதான். கத்தக் கூடாது, கை வைக்கக் கூடாது. பக்கத்தில் போய் 'ஏதும் எடுத்துத் தரவா அக்கா?' என்று கேட்டாலே பலர் திரும்ப வைத்துவிடுவார்கள்.

படுவான்கரைப்பிள்ளை:

சூப்பர் மார்க்கெட் இன்டர்வியூ முடிந்தது. 1,385 மாதிரியே ஒரு கணக்கு வந்தது! பைக்குக் காசு வாங்கும் கதையும் வந்தது. காலை ஷிப்ட் மட்டும் முடியும் என்று நேரடியாகச் சொன்னேன். யோசித்துவிட்டு, காலை ஷிப்ட் ஒன்று காலியாகும்போது கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

புடவைக்கடையில் இன்றைக்கே வேலை என்றார்கள். ஆனால் முதல் மூன்று மாதம் பயிற்சிக் காலமாம், பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் மட்டும்தானாம், சம்பளம் அதற்குப் பிறகுதானாம். சாதாரண தரச் சான்றிதழின் ஒறிஜினலையும் கொண்டு வந்து தரச் சொன்னார்கள், இடையில் போய்விடக் கூடாது என்பதற்காகவாம். அம்மா ஓம் சொல்லு என்கிறா. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

புடவைக்கடை_நானா:

ஒறிஜினல் கொடுக்க வேண்டாம். ஒரு காரணத்துக்கும் கொடுக்க வேண்டாம். நாளைக்குக் கம்பஸ் பதிவுக்கு அது தேவை, அந்த நேரம் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போயிருப்பார்.

எட்டுவீதம்:

பயிற்சி என்று பெயர் வைத்தாலும், றாக்கைக்கு முன்னால் நின்று வாடிக்கையாளருக்குச் சாறி காட்டினால் அது வேலை. வேலை என்றால் ஆகக் குறைந்த சம்பளம், ஈ.பி.எஃப். இரண்டும் முதல் நாளில் இருந்தே. தகுதிகாண் காலம் வைக்கலாம், சம்பளமில்லாத காலம் வைக்க முடியாது. மூன்று மாதம் என்றால் கணக்குப் பாருங்கள், வருஷச் சீசன் முழுக்க உங்களை நிற்க வைத்துவிட்டு, சீசன் முடிந்ததும் 'சரிவரவில்லை' என்று அனுப்பிவிடலாம்.

ஒருமுறை திரும்பப் போய், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், 'நியமனக் கடிதம் தருவீர்களா, முதல் மாதத்தில் இருந்து சம்பளம் உண்டா' என்று அமைதியாகக் கேளுங்கள். சில முதலாளிமார் கேட்காதவர்களுக்குத்தான் இப்படிச் சொல்வார்கள், கேட்டால் இறங்கி வருவார்கள். வராவிட்டால் விடுங்கள். ஏற்கெனவே நின்று சம்பளம் வராத பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால், தொழில் திணைக்களத்தின் அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது, முறைப்பாடு கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. வேலைக்கு வந்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள்.

படுவான்கரைப்பிள்ளை:

அம்மாவோடு போனோம். 'அப்படியென்றால் வேறு பிள்ளையைப் பார்க்கிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு முதலில் கோபம், ஒறிஜினல் கதையைச் சொன்னதும் அடங்கிவிட்டா. ஆரையம்பதியில் ஒரு பாமசியில் கவுண்டருக்கு ஆள் தேவை என்று இன்றைக்கு ஒரு அறிவிப்புக் கண்டேன், பாலம் தாண்டினால் கிட்டத்தான். பாமசியில் என்ன கேட்பார்கள்?

செங்கலடிமகள்:

நான் இப்போது நிற்பது பாமசியில்தான். மருந்தை எடுத்துக் கொடுப்பதும் மருந்துச் சீட்டு வாசிப்பதும் பதிவுசெய்த மருந்தாளரின் வேலை, அதை உங்களிடம் கேட்க மாட்டார்கள். 'மருந்தாளர் வெளியே போயிருக்கும்போது ஒருவர் வந்து காய்ச்சலுக்கு ஏதாவது தாருங்கள் என்றால்?' என்று கேட்பார்கள். 'அவர் வரும்வரை இருக்கச் சொல்வேன்' என்று சொல்லுங்கள். காலாவதித் திகதி பார்க்கத் தெரியுமா, பழைய திகதிச் சாமானை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் அடுக்கத் தெரியுமா என்று ஒரு பெட்டியைக் கையில் தந்து பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் மருந்துப் பெயர் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் நல்லது, வீட்டில் இருக்கும் மருந்துப் பக்கெட்டுகளை எடுத்து வாசித்துப் பழகுங்கள். சான்றிதழ்களின் போட்டோ கொப்பியை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.